மருத்துவ மாணவர்களுக்குப் பேலியேட்டிவ் கேர் கற்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஒரு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் ஆசிரியராக இருக்கிறேன். அறுவை அரங்க வேலைக்கு நடுவே வலி, நோய்த் தணிப்பு இரண்டுக்குமாகச் சேர்த்து ஒரு சின்னப் பிரிவையும் கவனித்துக்கொள்கிறேன். ஓர் அறை, ஒரு செவிலியர், கிளம்பும்போதெல்லாம் கெஞ்ச வேண்டிய ஒரு பழைய ஜீப். அவ்வளவுதான் எங்கள் சொத்து. மாணவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், மற்றத் துறை ஆசிரியர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். சில கேள்விகள் ஆர்வத்தில் வந்தவை. சில, உண்மையைச் சொன்னால், எரிச்சலில் வந்தவை.

பேலியேட்டிவ் கேருக்குத் தமிழில் என்ன பெயர்?

நோயைத் தீர்ப்பதைவிட, வலியையும் அவதியையும் குறைத்து நோயாளிக்கும் குடும்பத்துக்கும் துணை நிற்பதுதான் இந்தச் சிகிச்சை. இதற்கு ஒரே பெயர் இல்லை. 'நோய்த் தணிப்புச் சிகிச்சை' என்பார்கள், 'வலி நிவாரணம் மற்றும் ஆதரவு சிகிச்சை' என்பார்கள். 'அந்திமக்காலப் பராமரிப்பு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். இந்தக் கடைசிப் பெயர்மேல் எனக்கு மனத்தாங்கல் உண்டு. வாசல் பலகையிலேயே அந்திமம் என்று எழுதி வைத்தால் யார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள்?

இந்தப் பெயர்ச் சண்டை நமக்கு மட்டும் உரியதும் அல்ல. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, சாவை நெருங்கியவர்களைக் கவனிக்கும் இல்லத்தை, தொடங்கினார். அதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய கனடா அறுவைசிகிச்சை நிபுணர் பால்ஃபர் மவுன்ட், மான்ட்ரியாலில் அதே மாதிரி ஒன்றைத் தொடங்க நினைத்தார். அங்கே பலர் பேசுவது பிரெஞ்சு. அந்த மொழியில் 'ஹாஸ்பிஸ்' என்றால் நாதியற்றவர்களைக் கொண்டுபோய் விடும் இடம் என்ற வாடை இருந்தது. எனவே 1970களில் 'பேலியேட்டிவ் கேர்' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அந்தச் சொல்லின் வேர் லத்தீன்: 'பாலியம்' என்றால் மேலே போர்த்திக்கொள்ளும் துணி.

இது சாகப்போகிறவர்களுக்கானதுதானே? இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இதை ஏன் காட்ட வேண்டும்?

சாகப்போகிறவர்களுக்கும் உரியது. அவர்களுக்கு மட்டும் உரியது அல்ல. புற்றுநோய் தவிர இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், சிறுநீரகம் பழுதானவர்கள், பக்கவாதம், மறதி நோய், முதுகுத்தண்டு அடிபட்டு நடக்க முடியாமல் போன இளைஞர்கள் என்று எல்லோரும் இதற்குள் வருகிறார்கள். நோய் கண்ட நாளிலிருந்தே, மற்றச் சிகிச்சைகளோடு கைகோத்துச் செய்ய வேண்டியது இது.

என்னைவிட நன்றாக வாதாடும் ஒரு ஆய்வு இருக்கிறது. 2010இல் வெளியானது. பாஸ்டனில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றொரு குழுவுக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே பேலியேட்டிவ் கேர். இரண்டாம் குழுவுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, கடைசி நேரத்துக் கடுஞ்சிகிச்சைகளும் குறைந்தன. அதோடு, அவர்கள் உயிரோடு இருந்த காலத்தின் நடுமதிப்பு 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. 'கைவிட்டுவிட்டு அனுப்பும் இடம்' என்று சொல்லும் மூத்த மருத்துவர்களிடம் நான் வேறு எதுவும் பேசுவதில்லை. இந்த இரண்டு எண்களைச் சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விடுவேன்.

பாடத்திட்டத்தில் இருக்கிறதா, இல்லையா?

இருக்கிறது. 2019 ஆகஸ்டில் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து நடைமுறைக்கு வந்த திறன் சார்ந்த பாடத்திட்டம், பொது மருத்துவம் உள்ளிட்ட பாடங்களுக்குள் இதை வைத்திருக்கிறது. மனப்பாங்கு, அறம், உரையாடல் ஆகியவற்றுக்கென 'ஏட்காம்' என்ற தனித் தொகுப்பும் முதலாண்டிலிருந்தே வருகிறது.

ஆனால் தனிப் பாடம் கிடையாது. எல்லாத் துறைக்கும் பொது என்றால் எந்தத் துறையும் எடுக்காது என்பது கல்லூரியில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். பல இடங்களில் ஒரு மணி நேரம் படவில்லைகளை ஓட்டிவிட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, 'முடித்தாயிற்று' என்று எழுதிவிடுகிறார்கள்.

இரக்கம் இயல்பாக வர வேண்டியது. அதை எப்படி வகுப்பில் சொல்லிக்கொடுப்பீர்கள்?

சொல்லிக்கொடுப்பதில்லை. இரக்கம் எங்கள் பாடமே அல்ல.

என்னிடம் வரும் மாணவர்களில் பெரும்பாலோர் இரக்கமுள்ளவர்கள்தான். அந்த இரக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல்தான் கட்டிலைக் கடந்து வேகமாக நடக்கிறார்கள். வலியில் துடிப்பவரைப் பார்த்துக் கலங்குகிற ஒருவனுக்கு மார்ஃபின் எத்தனை மணிக்கு ஒருமுறை, எவ்வளவு, கூடவே எதை எழுத வேண்டும் என்று தெரியாவிட்டால் அவன் கலக்கத்தால் யாருக்கு என்ன பயன்? தெரிந்தவன் கட்டிலருகே நிற்பான். தெரியாதவன் வேறு வார்டில் வேலை இருப்பதாக நினைவு வந்து போய்விடுவான்.

சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதற்கும் பிறகு 1957இல் மருத்துவர். மூன்று வேலையும் பார்த்தவர். உடல் வலி, மன வலி, பணமும் குடும்பமும் தரும் வலி, 'எனக்கு ஏன் இது வந்தது' என்னும் வலி எல்லாம் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதை அவர் 'முழு வலி' என்றார். அவர் விட்டுச் சென்றது உருக்கமான பேச்சு அல்ல. மருந்து அட்டவணையும் வார்டு ஒழுங்கும். தையல் போடப் பழகுவது போல இதையும் பழகலாம் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வகுப்பில் என்ன செய்வீர்கள்?

ஆளுக்கு ஒரு தாள் கொடுப்பேன். உங்கள் வீட்டில், தெருவில், வலிக்கு என்னென்ன சொல் கேட்டிருக்கிறீர்களோ எழுதுங்கள், ஆங்கிலம் கூடாது என்பேன். பத்து நிமிடம்.

நகரத்துப் பிள்ளைகள் வலி, குத்தல், எரிச்சல் என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கடிப்பார்கள். ஒரு வருடம், பீடி சுற்றும் தாயின் மகள் ஒருத்தி தாளின் இரண்டு பக்கமும் நிரப்பிவிட்டு இன்னொரு தாள் கேட்டாள். குடைச்சல், உளைச்சல், கடுப்பு, இசிவு, பிசைதல், முறுக்கல், சுரீர், சுள்ளென்று, விண் விண் என்று தெறிப்பது, மதமதப்பு, மரத்துப்போவது, எறும்பு ஊர்வது, மிளகாயை அரைத்துப் பூசினாற்போல். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அதுவரை அந்தப் பெண் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

அடுத்த ஒரு மணி நேரம் அந்தப் பட்டியல்தான் பாடம். எரிகிறது, சுரீர் என்கிறது, எறும்பு ஊர்கிறது, கரண்ட் அடித்தாற்போல் இருக்கிறது என்றால் நரம்பைச் சந்தேகி; பாராசிட்டமாலை மட்டும் நம்பி உட்காராதே, அமிட்ரிப்டிலினையோ கபாபென்டினையோ யோசி. பிசைகிறது, முறுக்குகிறது என்றால் குடல் போன்ற உள்ளுறுப்பு. ராத்திரியெல்லாம் குடைச்சல் என்று முதுகைக் காட்டினால் எலும்புக்குப் பரவியிருக்கிறதா பார். விண் விண் என்று தெறித்தால் சீழ் கோத்திருக்கலாம். இது நாட்டு வழக்கின் அழகைப் பாராட்டுவதற்கான வகுப்பு இல்லை. சொல் மாறினால் மருந்து மாறுகிறது.

'கடுப்பு' என்ற ஒரே சொல் படுத்தும் பாட்டைப் பாருங்கள். நீர்க்கடுப்பு என்றால் சிறுநீர்ப் பாதை, வயிற்றுக்கடுப்பு என்றால் சீதபேதி, கால் கடுப்பு என்றால் நாள் முழுக்க நின்ற அலுப்பு. இதைக் கேட்ட ஒரு மாணவன் மூன்றுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லை எழுதிவைத்திருந்தான். ஐந்தரை வருடம் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, வாழ்நாள் முழுதும் தமிழில் வைத்தியம் பார்க்கப் போகிறவர்கள் இவர்கள். நடுவே பாலம் கட்டிக்கொடுப்பது யார் வேலை என்று இதுவரை எவரும் தீர்மானிக்கவில்லை.

வலியை 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொல்லும் அளவுகோலையும் அன்றே சோதித்துப் பார்ப்போம். வார்டில் ஒரு பாட்டியிடம் "பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?" என்று ஒரு மாணவன் கேட்டான். "நீங்களே பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி, டாக்டருக்குத் தெரியாததா" என்றார். சரி, "ரூபாய்க்கு எத்தனை அணா வலி?" என்று நான் கேட்டேன். யோசிக்காமல் "பன்னிரண்டு அணா" என்றார். மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டபோது நாலணாவாக இறங்கியிருந்தது. அணா தெரியாத வயதினரிடம் "ராத்திரி தூங்க விட்டதா?" என்று கேட்டாலே போதும்.

மார்ஃபின் கொடுத்தால் நோயாளி அதற்கு அடிமையாகிவிட மாட்டாரா? மூச்சு நின்றுவிடாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மாணவர்களைவிட ஆசிரியர்கள் அதிகம் கேட்கிறார்கள் என்பது கூடுதல் செய்தி.

கடும் புற்றுநோய் வலிக்கு, சரியான அளவில், வாய்வழியாக, நேரம் தவறாமல் கொடுக்கும்போது போதைக்கு அடிமையாவது அரிது. பல நாள் எடுத்தவருக்குத் திடீரென்று நிறுத்தினால் உடல் தவிக்கும். அது உடல் பழகிக்கொண்டதன் விளைவு, அடிமைத்தனம் வேறு. மூச்சு விஷயமும் அப்படித்தான்: குறைந்த அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் படிப்படியாக ஏற்றினால் மூச்சு அடங்கும் ஆபத்து மிகக் குறைவு. சிறுநீரகம் பழுதானவர்களிடம் மருந்து தேங்கும் என்பதால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும். எந்த நோயாளிக்கு எவ்வளவு என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இங்கே எழுதுவது மாணவருக்கான கணக்கு.

உலக சுகாதார நிறுவனம் 1986இல் மூன்று படி ஏணியைக் கொடுத்தது. முதல் படி பாராசிட்டமால் வகை, இரண்டாம் படி கோடீன் வகை, மூன்றாம் படி மார்ஃபின். ஏணியை எல்லா மாணவர்களும் ஒப்பிப்பார்கள். கடிகாரத்தைக் கேட்டால்தான் தடுமாறுவார்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரை வேலை செய்வது நான்கு மணி நேரம். 'வலித்தால் கொடுங்கள்' என்று எழுதினால், நோயாளி வலிக்கும்வரை காத்திருந்து, கேட்டு, செவிலியர் சாவி தேடி, மறுபடி வலியைத் துரத்திப் பிடிக்க வேண்டும். வலி வரும் முன்பே அடுத்த வேளையைக் கொடுப்பதுதான் சூட்சுமம். சாண்டர்ஸ் தன் இளம் வயதில் லண்டனில் ஓர் இல்லத்தில் தன்னார்வச் செவிலியராக இருந்தபோது கண்டுகொண்டதும் இதைத்தான்.

காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு வேளைக்கு மட்டும் இரட்டை அளவு, நடுராத்திரியில் எழுப்பாமல் இருக்க. சுவரில் கடிகாரம் ஓடாத வீடுகளும் உண்டு. ஆகவே மாணவர்கள் அட்டவணையை வீட்டு மொழியில் எழுதப் பழக வேண்டும்: காலைக் காப்பி, பத்து மணி பஸ் போகும் நேரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, விளக்கு வைக்கும் நேரம், படுக்கும் முன்.

மார்ஃபின் எழுதும் சீட்டில் மலமிளக்கி இல்லையென்றால் என்னிடம் பூஜ்யம்தான். குமட்டலும் தூக்கமும் சில நாளில் அடங்கும், மலச்சிக்கல் அடங்காது. வலி போனாலும் வயிறு இறுகிவிட்டதால் மாத்திரையைத் தூக்கி எறிந்தவர்கள் பலர். "ஐயா, மலம் கழிந்ததா?" என்று கூச்சமில்லாமல் கேட்கத் தெரியாத மருத்துவருக்கு இந்தத் துறை சரிவராது.

மார்ஃபின் ஏன் எங்கள் ஊர் மருந்துக்கடையில் கிடைப்பதில்லை?

மார்ஃபின் எடுக்கப்படும் அபினி நம் நாட்டிலேயே, அரசு உரிமத்தோடு, மத்தியப் பிரதேசத்தின் மந்தசௌர், நீமுச் வயல்களிலும் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசப் பகுதிகளிலும் விளைகிறது. நீமுச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. வெளிநாட்டுக்கும் போகிறது. பக்கத்துத் தெருவில் வலியில் கிடப்பவருக்குத்தான் போவதில்லை. 1985இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்துக்கொள்ளப் பல அலுவலகங்களில் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது; ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். பயந்துபோன மருத்துவமனைகள் வாங்குவதையே நிறுத்தின. ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்ஃபினைக் கண்ணால் பார்க்காமலேயே பட்டம் வாங்கினார்கள். அவர்கள்தான் இன்று ஆசிரியர்கள். மேலே உள்ள கேள்வியை ஆசிரியர்கள் அதிகம் கேட்பதன் காரணம் இதுதான்.

2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அத்தியாவசியப் போதை மருந்துகளாக வரையறுக்கப்பட்டன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்று இருந்தால் போதும். சட்டம் திருந்திவிட்டது, பயம் இன்னும் திருந்தவில்லை.

வீடுகளுக்கு மாணவர்களைக் கூட்டிச் செல்வது அவசியமா? வார்டில் காட்டினால் போதாதா?

போதாது. வார்டில் நோயாளி நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி ஒடுங்கி இருப்பார். அவர் வீட்டில் ஒடுங்க வேண்டியவர்கள் நாம்.

ஒரு நாளைச் சொல்கிறேன். ஐந்து மாணவர்களோடு ஜீப்பில் போனோம். ஓட்டு வீடு, ஒரே அறை. வாய்ப்புற்று முற்றி, கன்னத்தில் புண் திறந்துவிட்ட ஐம்பது வயதுக்காரர், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஐந்தாறு ஊதுவத்தி ஒரே நேரத்தில் புகைந்துகொண்டிருந்தது. மாணவர்களுக்கு முதலில் புரியவில்லை. வாசற்படி தாண்டியதும் புரிந்தது. சீழ் வாடை. மனைவி இரண்டு வாரமாக வாசலில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். மகன் நண்பன் வீட்டில் தூங்குகிறான். அவர் கேட்டது வலிக்கு மருந்து அல்ல. "இந்த நாற்றத்துக்கு ஏதாவது உண்டா சார்?" என்றார், அதையும் சுவரைப் பார்த்தபடியே.

உண்டு. மெட்ரோனிடசோல் மாத்திரை. காற்றில்லாமல் வாழும் கிருமிகள்தான் அந்த வாடைக்குக் காரணம். மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் அவை அடங்கும். அந்த வீட்டு அடுப்பிலேயே அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு ஆறவிட்டு, அதில் ஒரு மாணவி புண்ணைக் கழுவினாள். இன்னொருவன் இரண்டு கரண்டிக்கு நடுவே மாத்திரையை நசுக்கினான். பழைய பருத்திப் புடவையைக் கிழித்துக் கட்டுத்துணி செய்வதை எங்கள் செவிலியர் மனைவிக்குக் காட்டினார். செலவு முப்பது ரூபாய்கூட ஆகியிருக்காது. நாலு நாள் கழித்துப் போனபோது ஊதுவத்தி இல்லை. மனைவி உள்ளே, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மெட்ரோனிடசோலை மாணவர்கள் மருந்தியல் வகுப்பில் அமீபாவுக்கான மருந்தாகப் படித்திருந்தார்கள். அன்றைக்கு வேறு விதமாகப் படித்தார்கள்.

வீட்டுக்குப் போகும் மாணவருக்கு எங்கள் விதிகள் மூன்றே. செருப்பை வெளியே விடு. அவர் பாயில் இருந்தால் நீயும் தரையில் உட்கார். காப்பி கொடுத்தால் குடி. மூன்றாவதைத்தான் மீறுவார்கள், 'பரவாயில்லை, இப்போதுதான் குடித்தேன்' என்று. நோய் வந்த வீட்டில் கை நனைக்க ஊரே தயங்கும்போது மருத்துவரும் தயங்கினால் அந்தக் குடும்பம் என்ன நினைக்கும்?

கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி மற்றும் பேலியேட்டிவ் கேர் சங்கம் இந்த வேலையை ஊர்மக்கள் கையில் கொடுத்தது. 2008இல் மாநில அரசே கொள்கை வகுத்தது. நம் ஊரில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிப் போகும் நோய்த் தணிப்புச் சேவையும் உண்டு. ஜீப் இல்லாத கல்லூரிகள் அந்தச் செவிலியர்களோடு மாணவர்களை அனுப்பலாம். அவர்களிடமிருந்து கற்க நிறைய இருக்கிறது.

"அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர்" என்று மகன் கெஞ்சினால் மாணவர் என்ன செய்ய வேண்டும்?

வெளிநாட்டுப் பாடநூல்களில் இதற்கு விடை எளிது: நோய் நோயாளியுடையது, தகவலும் அவருடையது, குடும்பம் இரண்டாம் பட்சம். அதை அப்படியே நம் வார்டில் இறக்கினால் கைகலப்பில் முடியும். குடும்பத்தை எதிரியாக்கிக்கொண்டு ஒரு நாளும் நடத்த முடியாத சிகிச்சை இது.

முதலில் மகனைத் திட்டாதே. அன்பினால்தான் மறைக்கிறான். "சொன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள்?" என்று கேள். பதில் வரும்: அம்மா போனபோது அப்பா சாப்பிடாமல் கிடந்தார், கிணற்றடிக்குப் போய் நின்றார், இப்படி ஏதாவது. அதைக் கேட்டுக்கொண்ட பிறகு ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்: "நானாகப் போய்ச் சொல்லமாட்டேன். ஆனால் அவரே என்னிடம் கேட்டால் பொய்யும் சொல்லமாட்டேன்." அநேகமாக எல்லா மகன்களும் இதற்கு ஒப்புக்கொள்கிறார்கள்.

பிறகு அப்பாவிடம் போய், "உங்கள் உடம்புக்கு என்ன என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்று கேள். பாதிப் பேருக்கு மேல் தெரிந்தே இருக்கும். புற்றுநோய் மருத்துவமனை என்று பெயர்ப்பலகை போட்ட வாசலில் இருபது முறை ஏறி இறங்கியவருக்குத் தெரியாதா? "பையனுக்குத் தெரிந்தால் ஒடிந்துபோவான், அவனிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று அவர் நம்மிடம் கெஞ்சுவார். இரண்டு பேரும் ஒருவருக்கு ஒருவர் நாடகம் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

கெட்ட செய்தியைச் சொல்ல 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறு படி முறை 2000இல் வந்தது. இடத்தைத் தயார் செய்வது, அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிய விரும்புகிறார் என்று கேட்பது, செய்தியைச் சொல்வது, உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன என்று திட்டமிடுவது. நல்ல முறைதான், கற்பிக்கிறோம். ஆனால் நம் ஊரில் செய்தியைக் கேட்கும் கேள்வி நேராக வராது. ஒரு விவசாயி கேட்டார்: "தை அறுப்பு வரைக்கும் தாங்குமா சார்?" மாணவன் பரிசோதனை முடிவைப் பற்றிப் பேசத் தொடங்கினான். அவனை வெளியே அழைத்துவந்து, அவர் கேட்டது என்ன என்று கேட்டேன். மறுபடி உள்ளே போய், "அறுப்பில் உங்களுக்கு என்னென்ன வேலை பாக்கி இருக்கிறது?" என்று கேட்டான். அவர் மகளின் நகை அடகில் இருப்பதைச் சொன்னார். "அதைத் தைக்குக் காத்திருக்காமல் இப்போதே பேசி முடியுங்கள்" என்றான் மாணவன். அவர் தலையசைத்தார். அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடைசி நாட்களில் "ஒரு குளுக்கோஸாவது ஏற்றுங்கள்" என்று உறவினர்கள் கேட்டால்?

கேட்பார்கள். பட்டினி போட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று ஊர் பேசும் என்ற பயம் அவர்களுக்கு. உடல் அடங்கும்போது பசியும் தாகமும் அடங்குகின்றன என்பதையும், அப்போது ஏற்றும் நீர் கால் வீக்கமாகவும் நெஞ்சில் கரகரப்பாகவும் மாறக்கூடும் என்பதையும் மாணவர் எளிய சொற்களில் சொல்லப் பழக வேண்டும். 'வேண்டாம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் உறவினரின் கை வெறுமையாகிவிடும். அந்தக் கைக்கு ஒரு வேலை கொடு. ஈரத்துணியால் உதட்டை நனைக்கச் சொல், வாயைச் சுத்தம் செய்யக் காட்டிக்கொடு, திருப்பிப் படுக்க வைக்கச் சொல். உறவினர் வரிசையாகப் பால் ஊற்றும் வழக்கத்தைத் தடுக்கப் போகாதே. விழுங்க முடியாதவர் தொண்டையில் பால் இறங்கினால் புரையேறும் என்று சொல்லி, பஞ்சில் நனைத்து உதட்டில் தடவச் சொன்னால் வழக்கமும் நடக்கும், மூச்சும் திணறாது.

இதுவும் கருணைக்கொலையும் ஒன்றா?

இல்லை. கருணைக்கொலையில் நோக்கம் சாவு. இங்கே நோக்கம் வலியைக் குறைப்பது. பயனற்றுப்போன கருவிகளை விலக்கிக்கொள்வது மூன்றாவது விஷயம். அதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 தீர்ப்பில் நெறிமுறைகளோடு அனுமதித்து, 'இப்படி நேர்ந்தால் எனக்கு இன்ன சிகிச்சை வேண்டாம்' என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் ஏற்றது. 2023இல் அந்த நடைமுறையை எளிமையாக்கியது. அந்த எழுத்தை உறுதிப்படுத்த நீதித்துறை நடுவரிடம் போக வேண்டியதில்லை, நோட்டரியோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியோ போதும்.

தென்மாவட்ட மாணவர்கள் இருந்தால் வகுப்பில் 'தலைக்கூத்தல்' பற்றிய பேச்சு எப்படியும் வரும். படுத்த படுக்கையான முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவைப்பது. முதலில் எல்லோரும் கொதிப்பார்கள். பிறகு, அந்த வீட்டில் ஒரு வருடமாகப் படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டத் தெரிந்தவர் யாராவது போனார்களா, மருமகளுக்கு ஒரு ராத்திரியாவது தூக்கம் கிடைத்ததா என்று கேட்பேன். நியாயப்படுத்துவதற்காகக் கேட்பதில்லை. கொலை கொலைதான். அந்த வீட்டுக்கு ஆறு மாதம் முன்பே போயிருக்க வேண்டியவர்கள் நாம் என்பதற்காகக் கேட்கிறேன்.

நோயாளி முன்னால் மாணவர் அழுதுவிட்டால்?

அழட்டும். நோயாளியே தேற்ற வேண்டிய அளவுக்குப் போனால் மட்டும் வெளியே கூட்டிவந்துவிடுவேன். அன்று மாலை ஜீப் திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்துவோம். யாரும் பேச வேண்டிய கட்டாயமில்லை, யாராவது பேசிவிடுவார்கள்.

தேர்வில் இதை எப்படி மதிப்பிடுவது?

எழுத்துத் தேர்வில் 'வலி ஏணியை விவரி' என்று கேட்டால் ஏணியின் படம் வரும், வேறொன்றும் வராது. செய்முறையில் நான்கு நிலையம் வைக்கிறோம். ஒன்றில் மார்ஃபின் சீட்டு எழுத வேண்டும். ஒன்றில் எழுதப்படிக்கத் தெரியாத ஒருவருக்கு அந்தச் சீட்டை விளக்க வேண்டும். பிறகு அவர் திருப்பிச் சொல்வதற்குத்தான் மதிப்பெண், மாணவர் சொன்னதற்கு அல்ல. மூன்றாவதில் படுக்கைப் புண் வராமல் ஆளைத் திருப்பிப் படுக்க வைப்பது. நான்காவதில் எங்கள் செவிலியர் கோபக்கார மகளாக நடிப்பார். அவர் கத்தும்போது குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேள்வி. முதல் மதிப்பெண் வாங்குகிறவர்களே அங்கே அதிகம் தோற்கிறார்கள். பதில் தெரிந்த வாயை மூடிவைப்பது கடினம்.

எங்கள் கல்லூரியில் இந்தப் பிரிவே இல்லை. எங்கே தொடங்குவது?

மார்ஃபினில் தொடங்குங்கள். அது இல்லாமல் நடத்தும் வகுப்பு, கத்தி இல்லாமல் அறுவைசிகிச்சை கற்பிப்பது. மருத்துவமனைக்கு அங்கீகாரம் வாங்குங்கள். ஒரு மருத்துவரையும் ஒரு செவிலியரையும் பயிற்சிக்கு அனுப்புங்கள். 1994இல் தொடங்கிய இந்தியப் பேலியேட்டிவ் கேர் சங்கம் சான்றிதழ்ப் பயிற்சி நடத்துகிறது, கோழிக்கோட்டிலும் திருவனந்தபுரத்திலும் நேரடிப் பயிற்சி உண்டு. அறை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நாங்கள் பழைய எக்ஸ்ரே கிடங்கில்தான் தொடங்கினோம். 'நேரமில்லை' என்று சொல்லும் துறைத் தலைவர்களிடம் சண்டை போடாமல், அவர்களுடைய வார்டில் கத்திக்கொண்டிருக்கும் ஒரே ஒரு நோயாளியைக் கேட்டு வாங்குங்கள். மறுநாள் அவர் தூங்கினால் அடுத்த வாரம் அவர்களே கூப்பிடுவார்கள்.

என் மகள் எம்.டி.க்கு இதை எடுக்கப் போவதாகச் சொல்கிறாள். எதிர்காலம் உண்டா?

ஒரு தகப்பனார் கேட்டது. வேறு கிளை கிடைக்கவில்லையா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்களே என்பதுதான் அவருடைய உண்மையான கவலை.

கேட்பார்கள். 2010இல்தான் இந்தத் துறையில் எம்.டி. பட்டத்துக்கு இந்தியாவில் அங்கீகாரம் கிடைத்தது. 2012இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் படிப்பு தொடங்கியது. இடங்கள் இன்னும் குறைவு. தேவையோ உலக சுகாதார நிறுவனக் கணக்கில் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 5 கோடியே 68 லட்சம் பேர், அவர்களில் இந்தச் சிகிச்சை கிடைப்பது சுமார் 14 விழுக்காட்டினருக்கு. எனவே வேலைக்குப் பஞ்சம் வராது. இதயத்துக்கும் எலும்புக்கும் வைத்தியம் பார்ப்பவர்கள் சம்பாதிப்பதைச் சம்பாதிக்க முடியாது. மனை வாங்கும் கனவு இருந்தால் இப்போதே மகளோடு பேசிவிடுங்கள் என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் அம்மா போகும்போது மூன்று மாதம் கத்தினாள் சார். என் மகளுக்கு அப்போது ஆறு வயது, பக்கத்து அறையில் படுத்திருந்தாள்" என்றார். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்ன என்று பிறகு கேட்டுக் குறித்துக்கொண்டார்.